பணம் போகும் பாதை

1914 ஆகஸ்ட் 31. கான்ஸ்டாண்டிநோபிளில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தா, நியூயார்க்கில் உள்ள பெரும் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃபுக்கு ஒரு தந்தி அனுப்பினார். பாலஸ்தீனத்து யூதர்கள் பட்டினியின் வாசலில் நிற்கிறார்கள், உடனடியாக ஐம்பதாயிரம் டாலர் தேவை என்பது அதன் சாரம்.

அன்று பாலஸ்தீனம் துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது. ஜெருசலேமிலும் ஹெப்ரோனிலும் சஃபேதிலும் டைபீரியாஸிலும் வாழ்ந்த பழைய யூதக் குடும்பங்கள் பலவற்றுக்கு, ஐரோப்பிய யூதர்கள் திரட்டி அனுப்பிய காணிக்கைதான் ஜீவனம். முதல் உலகப் போர் மூண்டதும் அது நின்றது. கடலோரத்தில் புதிதாகக் குடியேறி ஆரஞ்சும் திராட்சையும் பயிரிட்டவர்கள் ஏற்றுமதியை நம்பி இருந்தவர்கள். கப்பல் வரத்து நின்றதும் அவர்கள் பிழைப்பும் போயிற்று.

பணம் சேருவதில் சிரமம் இருக்கவில்லை. அமெரிக்க யூதக் கமிட்டி 25,000 டாலர், ஷிஃப் சொந்தக் கையிலிருந்து 12,500, சியோனிஸ்டுகள் 12,500. கணக்கு முடிந்தது. போர்க்காலத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? வங்கிகள் முடங்கிக் கிடந்த ஊரில் காசோலையை வைத்துக்கொண்டு யாரும் ரொட்டி வாங்க முடியாது. ஆகவே பணம் தங்கமாக மாறி, ‘நார்த் கரோலினா’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் போயிற்று. தூதரின் மருமகன் மாரிஸ் வெர்தைம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த ஆண்டு ‘வல்கன்’ என்ற கப்பலில் சுமார் 900 டன் உணவுப் பொருள் பாலஸ்தீனத்தின் யாஃபாவுக்கு வந்தது. அதில் ஒரு பங்கு அங்கிருந்த முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் போனது.

அவசர நிதி பற்றிய செய்திகளில் நாம் எப்போதும் திரண்ட தொகையைத்தான் பார்க்கிறோம். எவ்வளவு கோடி, யார் யார் கொடுத்தார்கள் என்று. ஒரு நூற்றாண்டு யூத நிவாரண வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. கொடுக்க ஆள் இருந்தார்கள். பாதைதான் ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது.

அந்தத் தந்திக்குப் பிறகு போலந்திலிருந்தும் ரஷ்யாவின் மேற்கு எல்லையிலிருந்தும் இன்னும் பெரிய ஓலங்கள் வந்தன. நியூயார்க்கில் வைதீக யூதர்கள் ஒரு கமிட்டி அமைத்தார்கள். ஜெர்மன் பூர்வீகம் கொண்ட செல்வந்தர்கள் இன்னொன்று. 1915இல் தொழிற்சங்கத்துச் சோஷலிஸ்டுகள் மூன்றாவதாக ஒன்று. இந்த மூன்று தரப்பும் ஒரே மேடையில் உட்காருவதே அபூர்வம். வசூலை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும், விநியோகம் மட்டும் ஒரே கையால் நடக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அப்படி முதல் இரண்டும் சேர்ந்து 1914 நவம்பரில் தொடங்கி, மூன்றாவதும் பிறகு சேர்ந்துகொண்ட கூட்டு விநியோகக் கமிட்டிக்கு ‘ஜாயின்ட்’ என்றே பேர் நிலைத்துவிட்டது. ஃபீலிக்ஸ் வார்பர்க் அதன் முதல் தலைவர். கொள்கைச் சண்டையைத் தீர்த்துவிட்டுப் பசியைக் கவனிப்போம் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால் பசித்தவர்கள் செத்திருப்பார்கள்.

ஆபத்தும் இருந்தது. 1920இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த உக்ரைனுக்கு நிவாரணப் பணியில் போன பேராசிரியர் இஸ்ரேல் ஃபிரீட்லேண்டரும் ரபி பெர்னார்ட் கான்டரும் வழியிலேயே கொல்லப்பட்டார்கள்.

ஹிட்லர் வந்த பிறகு பாதைச் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. டாலரை ஜெர்மனிக்குள் அனுப்பினால் அந்நியச் செலாவணி நாஜிகளின் கஜானாவுக்குப் போகும். அனுப்பாவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குச் சோறில்லை. இதற்கு ஜாயின்ட் கண்ட வழி நம் ஊர் உண்டியல் முறையைப் போன்றது. நாட்டை விட்டுக் கிளம்பும் யூதர் தன் மார்க்குகளை உள்ளூர் யூத சமூக அமைப்பிடம் கட்டிவிடுவார். அவருடைய கப்பல் டிக்கெட்டுக்கு ஜாயின்ட் வெளியே டாலரில் பணம் கட்டும். அவர் விட்டுப்போன மார்க்கில் உள்ளே இருக்கும் ஏழைகளின் சமையல் கூடம் நடக்கும். எல்லையை ஒரு காசும் தாண்டாமல் இரண்டு பக்கமும் வேலை நடந்தது.

ஷாங்காய் கதையைச் சற்று நின்று பார்க்கலாம். விசா இல்லாமல் இறங்கக்கூடிய துறைமுகம் அது. ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். கையில் ஒன்றுமில்லாதவர்கள் ஹாங்க்யூ பகுதியின் பொது விடுதிகளில் வரிசைக் கட்டிலில் படுத்து, பொதுச் சமையலில் சாப்பிட்டார்கள். 1941 மே மாதம் ஜாயின்ட் அங்கே அனுப்பிய அதிகாரி லாரா மார்கோலிஸ் என்ற சமூகப் பணியாளர். அதற்கு முன் ஹவானாவில் இருந்தவர். 1939இல் யூத அகதிகளோடு வந்த ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலை கியூபா திருப்பி அனுப்பியதை அங்கிருந்தே பார்த்தவர்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. ஷாங்காயின் சர்வதேசப் பகுதியும் ஜப்பானியர் கைக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து இனிப் பணம் வராது. எதிரி நாட்டோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். சமையல் கூடத்தை நம்பி இருந்தவர்களோ ஏறக்குறைய எட்டாயிரம் பேர். மார்கோலிஸ் கையில் மிஞ்சியது ஒரு வாக்குறுதி. உள்ளூரில் கடன் வாங்கிக்கொள்ளலாம், போர் முடிந்ததும் ஜாயின்ட் திருப்பிக் கொடுக்கும் என்று நியூயார்க் முன்பே அனுமதி தந்திருந்தது.

அந்த வாக்கை நம்பிக் கடன் கொடுக்க ஆள் வேண்டும், கடன் வாங்க ஜப்பானியர் சம்மதமும் வேண்டும். யூத விவகாரங்களைக் கவனித்த கடற்படை அதிகாரி இனுசுகாவை மார்கோலிஸ் நேரில் போய்ப் பார்த்தார். யூதர்களைத் தூற்றி எழுதியவர் அந்த மனிதர். ஆனாலும் யூதர்கள் கையில் அளவற்ற செல்வாக்கு இருப்பதாக நம்பியவர், ஆகவே அவர்களைப் பகைத்துக்கொள்ளத் தயங்கினார். வெறுப்பிலிருந்து பிறந்த ஒரு மூடநம்பிக்கை எட்டாயிரம் பேருக்குச் சோறு போட்டது என்றால் நம்புவது கடினம்தான், ஆனால் நடந்தது அது. அனுமதி கிடைத்தது. நகரத்தின் பழைய யூதப் பணக்காரர்களில் பிரிட்டிஷ் குடிமக்களாக இருந்தவர்கள் ஜப்பானுக்கு எதிரிகளாகிவிட்டார்கள். எனவே ரஷ்ய யூத வணிகர்கள் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

அவர் செய்த இன்னொரு காரியத்தை நான் கடனைவிடப் பெரிதாக நினைக்கிறேன். பழைய சமையல் கூடம் எரிபொருளை விழுங்கிக்கொண்டிருந்தது. அகதிகளில் இருந்த பொறியாளர்களின் துணையோடு, சசூன் நிறுவனத்துக்குச் சொந்தமான நீராவிக் கொதிகலன்களைப் பெற்றுப் புதிய சமையல் கூடம் அமைத்தார். (பம்பாயில் இன்றும் சசூன் துறை என்று பேர் சொல்கிறதே, அதே குடும்பம்.) செலவு குறைந்தது, அதே பணம் அதிக நாள் ஓடியது. 1943இல் ஜப்பானியர் அவரைத் தடுப்பு முகாமில் அடைத்த பிறகும் அகதிகளே அந்தச் சமையலைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

வார்சாவில் இதே வாக்குறுதிக்கு நேர்ந்த கதி வேறு. அடைக்கப்பட்ட யூதக் குடியிருப்புக்குள் ஜாயின்ட் ஊழியர்களான யிட்சாக் கிட்டர்மனும் வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்ப்ளமும் கஞ்சித்தொட்டிகளுக்குப் பணம் திரட்டினார்கள். உள்ளே இன்னும் காசு வைத்திருந்தவர்களிடம், போர் முடிந்ததும் அமெரிக்காவில் டாலராக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கடன் பெற்றார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கேட்கப் பிழைத்திருக்கவில்லை. கிட்டர்மன் 1943 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ரிங்கெல்ப்ளம் அடுத்த ஆண்டு குடும்பத்தோடு.

நியூயார்க் தலைமையகம் சட்டத்தைத் தாண்டத் துணியவில்லை என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிய பழி வாஷிங்டனுக்குத்தான். ருமேனியாவிலும் பிரான்சிலும் இருந்த யூதர்களை மீட்கப் பணம் அனுப்ப 1943இல் அனுமதி கேட்டபோது வெளியுறவுத் துறை கோப்பை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. அதைக் கண்டுபிடித்து ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் முன் கொண்டுபோய் வைத்தவர்கள் நிதித் துறையினர். அப்போதைய நிதியமைச்சர் ஹென்றி மார்கெந்தா ஜூனியர், 1914இல் தந்தி அனுப்பினாரே, அந்தத் தூதரின் மகன். 1944 ஜனவரியில் போர் அகதிகள் வாரியம் அமைந்தது. பேருக்கு அது அரசு அமைப்பு, செலவில் பெரும்பகுதியைத் தாங்கியது ஜாயின்ட். அரசு தந்தது முக்கியமாக உரிமமும் முத்திரையும். அந்த முத்திரை ஓராண்டு முன்பே விழுந்திருக்கலாம்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது நிலைமை ஒரு வகையில் மேலாக இருந்தது. 1938இல் ஸ்டாலின் வெளியேற்றிய ஜாயின்ட், சோவியத் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் திரும்பி வந்து, ‘ஹெசெட்’ என்ற நல மையங்களை ஊர் ஊராக நிறுவியிருந்தது. தனியாக வாழும் முதியவர் எந்தத் தெருவில், எந்த மாடியில் இருக்கிறார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற விவரம் வீட்டுப் பணியாளர்களுக்குத் தெரியும். இந்தப் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கு, நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஜெர்மன் அரசு ‘கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ்’ என்ற அமைப்பின் வழியாகத் தரும் பணம்.

நாஜி முகாம்களிலிருந்து மீண்ட எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. புக்கென்வால்ட் முகாமிலிருந்து உயிர் மீண்ட 96 வயது போரிஸ் ரோமன்சென்கோ, அந்த மார்ச்சில் கார்கிவ் நகரில் தன் வீட்டிலேயே குண்டுக்குப் பலியானார். படுத்த படுக்கையாக இருந்த யூத முதியவர்கள் பலரை ஆம்புலன்ஸில் ஏற்றி, போலந்து வழியாக ஜெர்மனியின் பராமரிப்பு இல்லங்களுக்கு அழைத்துப் போனார்கள். சிறு வயதில் ஜெர்மன் படைக்குப் பயந்து கிழக்கே ஓடியவர்கள் இவர்களில் உண்டு. ஜெர்மனி என்றதும் தயங்கியவர்களும் உண்டு. ஒருவரை ஏற்றி இறக்க ஆம்புலன்ஸ், மருத்துவத் துணை, எல்லை அனுமதி, மறுபக்கம் காலியான படுக்கை என்று நான்கும் ஒரே நாளில் கூடிவர வேண்டும். அன்றைக்குப் புதிதாக யாரையும் தேடிப் பிடித்திருந்தால் இது நடந்திருக்காது. போருக்கு முன்பே, எந்தத் தலைப்புச் செய்தியும் இல்லாத ஆண்டுகளில், அந்த முதியவர்களின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த பணியாளர்களின் மாதச் சம்பளத்துக்கும் யாரோ பணம் கொடுத்திருந்தார்கள்.