பின்னோக்கிச் செல்லாத வண்டி

கடந்த ஆண்டு பணியிடைப் பயிற்சி ஒன்றுக்காக வேறொரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். வாயிலில் இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். "டூவீலர் எல்லாம் வெளியிலதான் சார் நிக்கணும்" என்றார். என் ஸ்கூட்டரின் இருபுறமும் இருந்த கூடுதல் சக்கரங்களைக் காட்டினேன். பக்கவாட்டில் செருகியிருந்த ஊன்றுகோல்களையும் காட்டினேன். அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "தெரியுது சார். ஆனா ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

வாயிலிலிருந்து பயிற்சி அரங்கம் மற்றவர்களுக்கு இரண்டு நிமிட நடை. இரு கால்களிலும் காலிப்பர், அக்குளில் ஊன்றுகோல் என்று நடக்கும் எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. மணல் தரை. ஒவ்வோர் அடிக்கும் ஊன்றுகோலின் முனை புதையும். பிடுங்கி எடுத்து அடுத்த அடி வைக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது பயிற்சி தொடங்கிவிட்டது. கருத்தாளர் ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "மெதுவா உட்காருங்க சார், அவசரமே இல்லை" என்றார். அந்த அன்பை மறக்கவில்லை. ஆனால் அன்று எனக்கு நாற்காலியைவிடத் தேவைப்பட்டது வாயில் திறப்பதுதான்.

மாலையில் இன்னொன்று நடந்தது. மதிலோரம் நிறுத்தியிருந்த என் வண்டிக்குப் பின்னால் நான்கைந்து வண்டிகள் நின்றன. உரிமையாளர்கள் உள்ளே ஏதோ கூட்டத்தில் இருந்தார்கள். முக்கால் மணி நேரம் வண்டி மீது உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வந்த ஆசிரியர் ஒருவர், "கொஞ்சம் பின்னால தள்ளி எடுத்திருக்கலாமே சார்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அவரைப் போலவே நம்மில் பலருக்கும் தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்கூட்டரைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் நாம் என்ன செய்கிறோம்? உட்கார்ந்தபடியே இரு கால்களையும் தரையில் ஊன்றி உந்துகிறோம். யோசிக்காமல் செய்கிற வேலை. கால்கள் வேலை செய்யாதவருக்கு அது முடியாது. என் வண்டியில் பின்னோக்கி ஓடும் கியர் கிடையாது. ஆகவே நான் எங்கே நிறுத்தினாலும் முன்பக்கமாக வெளியேற வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் நிறுத்துவேன். அந்த வழியை யாராவது அடைத்துவிட்டால் வண்டி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நம் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, இரு கால்களும் பாதிக்கப்பட்டு இரு கைகளும் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்களை விலையில்லாமல் வழங்கிவருகிறது. சாலையில் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்கு ஸ்கூட்டர்போல இருந்தாலும் அதன் குணம் வேறு. வளைவில் சாய்த்துத் திருப்ப முடியாது. வேகத்தைக் குறைத்துக் கைப்பிடியால்தான் திருப்ப வேண்டும். பள்ளத்தில் நடுச்சக்கரம் இறங்கி, பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் நின்றுவிட்டால், நடுச்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சும்மா சுழலும். அப்போது யாராவது தள்ளிவிட வேண்டும். சாலையோரம் சரிவாக இருந்தால் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடும். நாங்கள் ஓரமாகப் போகாமல் சாலையின் நடுப்பக்கம் ஒதுங்குவது அதனால்தான். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது?

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் பயன்படுத்தும் 'மொபிலிட்டி ஸ்கூட்டர்' வேறு வகை. உட்கார்ந்து ஓட்டும் சிறிய பேட்டரி வண்டி அது. நடைபாதையில் மணிக்கு 4 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. சாலையில் ஓட்டத்தக்க வகை அதிகபட்சம் 8 மைல் வேகத்தில் போகலாம். ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில், மக்கள் நடந்துபோகும் இடங்களில் சக்கர நாற்காலியையும் இத்தகைய ஸ்கூட்டரையும் அனுமதிக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. அதில் வருபவரிடம் "உங்களுக்கு என்ன குறைபாடு?" என்று விசாரிக்கவும் கூடாது. அந்த வண்டி நடைபாதையை நம்பி வடிவமைக்கப்பட்டது. நம் ஊர் நடைபாதைகளில் பாதி கடைகளின் வசம். மீதியின் உயரம் ஒரு முழம். அதனால் இங்கே மாற்றுத்திறனாளிகள் சாலைக்கே வந்து பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே பெட்ரோல் வண்டி ஓட்டுகிறோம்.

சட்டத்தின் பார்வையில் இந்த வண்டி என்ன? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிக்காகச் சிறப்பாக வடிவமைத்த வண்டியையும், அவருக்காக மாற்றம் செய்த வண்டியையும் ஒரே வகையில் சேர்த்தது. அவரால், அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தப்படும் வாகனம் என்பது அதற்கான விளக்கம். (எனவே "சார், வண்டியக் குடுங்க, டீ வாங்கிட்டு வந்துடறேன்" என்று கேட்கும் நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.) இதை ஓட்ட உரிமம் வேண்டும், பதினெட்டு வயது வேண்டும், தலைக்கவசமும் வேண்டும். பேட்டரி சக்கர நாற்காலியின் நிலை வேறு. 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட பேட்டரி வண்டி, விதிகளின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மோட்டார் வாகனமாகவே கருதப்படுவதில்லை. நம் மாணவர்கள் பயன்படுத்தக்கூடியது பெரும்பாலும் இந்தச் சக்கர நாற்காலிதான்.

இப்போது வாயில்காப்பாளர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதானே?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 21 வகைக் குறைபாடுகள் அதில் அடங்கும். பாகுபாடு என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்கும் இடத்தை ஒவ்வோர் ஆசிரியரும் ஒருமுறை படிக்க வேண்டும். ஒருவரை ஒதுக்குவது, தடுப்பது மட்டும் பாகுபாடு என்று அது சொல்லவில்லை. அவருக்குச் செய்துதரக்கூடிய நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடே என்கிறது. நியாயமான வசதி என்பது, செய்பவருக்கு அளவுக்கு மீறிய சுமையைத் தராமல், குறிப்பிட்ட அந்த மனிதருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்வது. ஒரு தொடக்கப் பள்ளியில் உடனே மின்தூக்கி வைக்க முடியுமா என்பதை வாதிடலாம். ஒரு வண்டிக்காக வாயிலைத் திறப்பதில் என்ன சுமை இருக்கிறது? அன்று எல்லாருக்கும் ஒன்றாக இருந்த அந்த விதி, மற்றவர்களிடமிருந்து இரண்டு நிமிட நடையை வாங்கியது. என்னிடமிருந்து பயிற்சியின் முதல் பகுதியை வாங்கிக்கொண்டது.

அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களைப் பற்றியது. கட்டடமும் வளாகமும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும், தனிநபர் தேவைக்கேற்ற வசதி செய்ய வேண்டும், போக்குவரத்து வசதி வேண்டும் என்று அது பட்டியலிடுகிறது. தனிநபர் நடமாட்டத்துக்கான திட்டங்கள், வாகனங்களை மாற்றியமைத்தல் ஆகியவை 41ஆம் பிரிவில் உள்ளன. ஆக, எனக்குக் கிடைத்த வண்டி யாரோ மனமிரங்கிக் கொடுத்த பரிசு இல்லை. ஏற்கெனவே கட்டப்பட்ட பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்றும் சட்டம் கூறியது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகுவசதித் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்சத் தரங்கள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் துறைக்கு இது புதிதும் அல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, பள்ளிக் கட்டடத்துக்குத் தடையற்ற அணுகுவசதி வேண்டும் என்று இருக்கிறது.

சட்டம் இவ்வளவு சொன்னாலும் பள்ளிக்குள் அதை நடத்திக்காட்ட வேண்டியது நாம்தான். எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அந்த மாணவன் நடந்துதான் வந்தான். தசைச்சிதைவு நோய். ஏழாம் வகுப்பில் சுவரைப் பிடித்து நடந்தான். எட்டாம் வகுப்பின் பாதியில் சக்கர நாற்காலி வந்தது. (போலியோ என் தலைமுறையோடு போயிற்று, 2014 மார்ச்சில் இந்தியா அந்நோய் இல்லாத நாடாகச் சான்றளிக்கப்பட்டது. அதனால் நடக்க முடியாத பிள்ளைகளே இனி வகுப்புக்கு வரமாட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.) ஒன்பதாம் வகுப்பு மாடியில். ஆண்டுத் தேர்வு நெருங்கியபோது, அவன் இனி வீட்டிலிருந்தே படிக்கட்டும், சிறப்புப் பயிற்றுநர் வாரம்தோறும் போய்ப் பார்ப்பார் என்ற பேச்சு எழுந்தது. அவன் அம்மாவும் ஒத்துக்கொண்டார். "தினமும் நாலு பேரு தூக்கிட்டுப் போறது அவனுக்கே கூச்சமா இருக்கு சார்" என்றார்.

இல்லம் சார்ந்த கல்வி, வெளியே வரவே முடியாத நிலையில் உள்ள குழந்தைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் அவனைத் தடுத்தது அவன் உடல்நிலை அன்று, பதினெட்டுப் படிகள். படியை இறக்க முடியாது, வகுப்பை இறக்கலாமே என்றேன். கீழ்த்தளத்தில் இருந்த ஆறாம் வகுப்புப் பிரிவு ஒன்றை மாடிக்கு மாற்ற வேண்டும். எளிதாகச் சொல்லிவிட்டேன், எதிர்ப்பு வந்தது. சின்னப் பிள்ளைகள் மாடியில் ஓடி விழுந்தால் யார் பொறுப்பு, ஒருவனுக்காக எண்பது பேர் இடம் மாற வேண்டுமா என்று கேட்டார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்காக மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் கம்பி போட்டோம். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தலைமையாசிரியர்தான் சொன்னார்: "எண்பது பேருக்கு அது இடம் மாறுவது. அவனுக்கு அது பள்ளிக்கூடம்." அத்தோடு முடிவானது.

சாய்தளம் ஏற்கெனவே இருந்தது. இருந்தது என்றுதான் எல்லாப் படிவங்களிலும் எழுதிவந்தோம். எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை மாணவர்களிடம் அளவுநாடாவைக் கொடுத்து அளக்கச் சொன்னார். தாழ்வாரத்தின் உயரம் 60 செ.மீ., சாய்தளத்தின் நீளம் 3 மீட்டர். அதாவது 1:5. அணுகுவசதி வழிகாட்டுதல்கள் கேட்பது 1:12. அந்த உயரத்துக்கு 7.2 மீட்டர் நீளம் வேண்டும். இந்தச் சரிவில் யாரும் பிடிக்காமல் சக்கர நாற்காலி ஏறினால் பின்னால் கவிழும். விகிதம் நடத்த இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது என்று அந்த ஆசிரியை இப்போதும் சொல்வார். மாணவர்களின் அளவுத்தாள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கப்பட்டது. விடுமுறையில் பழையதை உடைத்து, நடுவில் ஒரு திருப்பத்தோடு, இருபுறமும் கைப்பிடி வைத்துப் புதிதாகக் கட்டினார்கள்.

கட்டிய மறுவாரமே அதன் அடியில் மூன்று சைக்கிள்கள் நின்றன. இது எங்கும் நடக்கிறது. சென்னை மெரினாவில் சக்கர நாற்காலிகள் அலையருகே செல்ல 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பிறகு சீர்செய்யப்பட்டது. புயல் செய்ததைப் பழுதுபார்க்கலாம். சைக்கிளை நாள்தோறும் யார் நகர்த்துவது? ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே மஞ்சள் வண்ணத்தில் கட்டம் வரைந்தார்கள். பக்கத்தில் எனக்கும் ஒரு கட்டம்: முன்பக்கமும் பின்பக்கமும் திறந்த, நேராக உள்ளே வந்து நேராக வெளியே போகும்படியான இடம். அதைக் கேட்க எனக்குப் பதினோர் ஆண்டுகள் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குக் கேட்கத் தெரிந்த எனக்கு, எனக்காகக் கேட்கக் கூச்சம்.

இன்னும் சில சிறு விஷயங்கள் போகப்போகத்தான் தெரிந்தன. சக்கர நாற்காலியைக் கேட்காமல் யாரும் தள்ளக் கூடாது என்று வகுப்பில் சொல்ல வேண்டியிருந்தது. தோளைப் பிடித்துத் தள்ளினால் நமக்கு எப்படியோ, அவனுக்கு நாற்காலியைத் தள்ளுவது அப்படித்தான். அவனோடு பேசும்போது குனிந்து பேசுவதைவிட பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது நல்லது. இந்த ஆண்டு பேட்டரி சக்கர நாற்காலி வந்ததும், வகுப்பறையில் சார்ஜ் போட ஒரு பிளக் தேவைப்பட்டது. மின்கட்டணம் கூடுமே என்று ஒருவர் கேட்டார், பிறகு அவரே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். அறிவியல் ஆய்வகம் இன்னும் மாடியில்தான் இருக்கிறது. செய்முறைக்கான பொருள்களை அறிவியல் ஆசிரியர் ஒரு தட்டில் கீழே கொண்டுவருகிறார். எல்லாவற்றையும் கொண்டுவர முடிவதில்லை. ஆய்வகத்தைக் கீழே மாற்றக் கோரி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

போன வாரம் மாலை, யாரோ பார்க்க வந்தவர் தன் காரை என் கட்டத்தின் முன்னால் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். வழக்கம்போல வண்டி மீது உட்கார்ந்து காத்திருந்தேன். அவன் நாற்காலியில் வந்தான், பக்கத்தில் நிறுத்தினான், நிலைமையைப் பார்த்தான். "யாரு காருன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வரேன் சார்" என்றான். கையடியில் இருந்த சின்னக் குச்சியைப் பின்னால் இழுத்தான். நாற்காலி அப்படியே பின்னோக்கி நகர்ந்தது.

"பாத்தீங்களா சார், எனக்கு ரிவர்ஸ் இருக்கு" என்றபடி திரும்பிச் சாய்தளத்தில் ஏறிப் போனான்.