ஏழு மாணவர் தொடங்கிய சகோதரத்துவம்

'பிரட்டேர்னிட்டி' என்ற சொல்லை எங்கட பிள்ளைகள் அமெரிக்கப் படங்களில்தான் கேட்டிருப்பார்கள். கூத்தும் கும்மாளமுமாக ஒரு வீடு, அதில் சேர வருகிறவனை வதைக்கும் மூத்த மாணவர்கள் என்பதுதான் அவர்கள் மனதில் பதிந்த சித்திரம். அது முழுப் பொய்யுமல்ல. ஆனால் மார்ட்டின் லூதர் கிங், தேர்குட் மார்ஷல், டபிள்யூ.ஈ.பி. டுபோய்ஸ், ஒலிம்பிக் வீரர் ஜெஸி ஓவன்ஸ், இசைமேதை டியூக் எலிங்டன், பாடகர் போல் ரொப்சன் ஆகிய அனைவரும் ஒரே பிரட்டேர்னிட்டியின் உறுப்பினர்கள் என்றால், அதைப்பற்றி நாம் சற்று அறிந்துகொள்ளத்தான் வேண்டும். அதன் பெயர் அல்பா பை அல்பா.

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூடிய மாணவர் சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பெருகிவிட்டன. உறுப்பினர் ஒருவரையொருவர் 'சகோதரர்' என்றே அழைப்பர். தங்குமிடம், படிப்புக்குத் துணை, பிற்காலத்தில் தொழில் என எல்லாம் அந்த உறவின் வழியே வந்தன. வெள்ளையருக்கு மட்டும்தான். நியூயோர்க் மாநிலத்துக் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1904-05 கல்வியாண்டில் படித்த ஆறு கறுப்பின மாணவரில் ஒருவர்கூட மறுவருடம் திரும்பி வரவில்லை என்கிறது சங்க வரலாறு. அவர்களை விரட்டியது படிப்பின் கடினமல்ல, தனிமை.

அடுத்து வந்தவர்கள் முதலில் அமைத்தது ஓர் இலக்கிய, படிப்பு வட்டமே. அவ்வூரிலிருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் கூடினார்கள். இலக்கிய வட்டமாகவே இருப்பதா, பிரட்டேர்னிட்டியாக மாறுவதா என்று அவர்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஈற்றில் 1906 டிசம்பர் 4ஆம் திகதி ஏழு மாணவர் சேர்ந்து சங்கத்தை நிறுவினர். கறுப்பினக் கல்லூரி மாணவர் தொடங்கி நிலைத்துநின்ற முதலாவது கிரேக்க எழுத்துச் சங்கம் இதுதான். அந்த எழுவருள் வேர்ட்னர் டேண்டி, நியூயோர்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞரானார். யூஜீன் கிங்கிள் ஜோன்ஸ், நகரங்களில் குடியேறிய கறுப்பின மக்களின் தொழில், வசிப்பிட நலனுக்காக உழைத்த தேசிய நகர்ப்புற லீக்கை நீண்டகாலம் வழிநடத்தினார்.

பெரிய பெயர்களை வரிசையாக அடுக்குவது எந்தச் சங்கத்துக்கும் இலகு. இச்சங்கத்தில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. பட்டம் பெற்றதோடு உறவு முடிவதில்லை. 1911இலேயே லூயிவில் நகரில் பட்டதாரிகளுக்கென முதல் கிளை உருவாகிவிட்டது. டாக்டர் கிங்கும் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த காலத்தில், 1952இல்தான், இதில் சேர்ந்தார். படித்துத் தொழிலுக்குப் போனவர்களின் உழைப்பையும் பணத்தையும் பின்னால் வருகிறவனுக்காகத் திருப்பிவிட இந்த அமைப்பு வழி செய்தது.

இரண்டு வழக்குகளைச் சொல்லலாம். தேர்குட் மார்ஷல் பல்டிமோர்க்காரர். அந்நகரிலேயே இருந்த மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. ஆகவே நாள்தோறும் வொஷிங்டன் சென்று ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1933இல் வெளியேறினார். அங்கே அவருக்குப் படிப்பித்த சார்ள்ஸ் ஹியூஸ்டனும் இதே சங்கத்துச் சகோதரர்தான். இரண்டே வருடத்தில் குருவும் சீடரும் அதே சட்டக்கல்லூரிக்கு எதிராக டொனால்ட் மரே என்ற இளைஞருக்காக வழக்காடி வென்றனர். மார்ஷலுக்கு மூடியிருந்த கதவு மரேக்குத் திறந்தது. 1967இல் மார்ஷல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதியரசரானார்.

இரண்டாவது, ரயிலில் ஒரு நேரச் சாப்பாடு பற்றியது. 1942இல் எல்மர் ஹெண்டர்சன் என்ற அரச அலுவலர் ரயில் உணவுப் பெட்டிக்குப் போனபோது இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். கறுப்பினத்தவருக்கெனத் திரை போட்டு ஒதுக்கிய மேசைகளில் வெள்ளையர் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தனர். அவரும் சங்க உறுப்பினர். வழக்குக்குச் சங்கம் பொறுப்பேற்றது. சங்கத்தின் அன்றைய தலைவரான சட்டத்தரணி பெல்போர்ட் லோசன் உயர் நீதிமன்றம்வரை வழக்காடினார். 1950இல் அந்தத் திரை சட்டவிரோதமாயிற்று.

வொஷிங்டனில் இன்று நிற்கும் கிங் நினைவகமும் இவர்களின் முயற்சியே. 1984இல் சங்கம் முன்மொழிந்தது. 1996இல் அரச அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ 12 கோடி டொலர் திரட்டி, 2011இல் திறந்தார்கள். தங்கள் சகோதரனுக்காக 27 வருடம் பாடுபட்டிருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1989இல் மோர்ஹவுஸ் கல்லூரியில் இச்சங்கத்தில் சேர முயன்ற மாணவர் ஒருவர், அதற்காக நடந்த அமர்வில் மயங்கி விழுந்து இறந்தார். மறுவருடம் கறுப்பினச் சங்கங்கள் கூடி, புதியவர்களைச் சோதிக்கும் பழைய முறையையே ஒழிப்பதாக அறிவித்தன. அறிவித்ததால் வதை முற்றாக நின்றுவிடவில்லை. எங்கள் நாட்டிலும் 1998இல் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் என்ன நடக்கிறது என்று பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்குத் தெரியும். அவமானத்தால் கட்டிய ஒற்றுமை சகோதரத்துவமாகாது. அதை அஸபிய்யா என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு நேரெதிரான ஒன்று எமது சீராவில் இருக்கிறது. மக்காவில் யமன் நாட்டு வியாபாரி ஒருவருக்கு அநீதி நடந்தபோது, அநீதியிழைக்கப்பட்டவரின் பக்கமே நிற்போம் என்று குறைஷிகள் சிலர் உடன்படிக்கை செய்தனர். அதுதான் ஹில்புல் புளூல். இளைஞராக அதில் கலந்துகொண்ட நபியவர்கள் (ஸல்), நபித்துவத்தின் பின்னரும் அதை மெச்சிப் பேசினார்கள். அந்த வியாபாரி அவர்களின் கோத்திரத்தானுமல்ல, ஊரானுமல்ல.

எங்கட பாடசாலைகளுக்கும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. நுழைவாயில் கட்டுவார்கள், மலர் வெளியிடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். அதில் பிழை சொல்வதற்கில்லை. ஆனால் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும் காசில்லாமல் தடுமாறும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் வருடாவருடம் இருக்கிறார்கள். ஊர் தெரியாத வளாகத்தில் முதல் மாதமே மனமுடைந்து திரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது, இவ்வருடம் இப்படி எத்தனை பிள்ளைகளைத் தாங்கினோம் என்ற ஒரு வரியையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்போம்.