நண்பருக்காகப் போன கச்சேரி

நவராத்திரி வந்தால் நம்மில் பலர் பத்மநாபசுவாமி கோயிலருகே நவராத்திரி மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிடுவோம். அங்கே கைதட்டக் கூடாது என்பது வழக்கம். சுவாதித் திருநாளின் கிருதியைக் கேட்டுவிட்டு, மனத்துக்குள்ளேயே தலையாட்டிவிட்டு வரவேண்டும். அப்படிப்பட்ட கச்சேரிகளைக் கேட்டுப் பழகிய அடியேன், ஒரே ஒருமுறை பல்லாயிரம் பேர் கூச்சலிட்ட ஒரு ராக் கச்சேரிக்குப் போனேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். 'வயதான காலத்தில் இவருக்கு ஏன் இந்த வேலை?' என்று கேட்காதீர்கள். அப்போது எனக்கு வயது 44.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். சிவில் டிப்ளமோ முடித்து, திருவனந்தபுரம் இரயில்வே கோட்டம் உருவான மறு ஆண்டு, 1980-இல், தண்டவாளப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். என் நண்பர் சிக்னல் பிரிவு, தைக்காட்டுக்காரர், மலையாளி. அவர் என்னை 'அண்ணாச்சி' என்பார். நான் அவரை 'சாரே' என்பேன். இரவு வேலைகளில் ஒரே ஃபிளாஸ்க் காப்பியைப் பங்கிட்டுக் குடித்து வளர்ந்த சிநேகம் அது.

அவருக்கு ஒரு பித்து இருந்தது. பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்துக் குழுவின் பாட்டு. 'சைக்கடெலிக் ராக்' என்று அந்த வகைக்குப் பெயர். கித்தாரும் ஆர்கனும் எதிரொலியோடு நீண்டுகொண்டே போகும். மேடையில் வண்ண விளக்குகள் அலை அலையாக மாறும். கேட்பவன் கனவில் நடப்பதுபோல் ஆகவேண்டும் என்பது நோக்கம். ஒருநாள் அவர் கொடுத்த கேசட்டை வீட்டில் போட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "மிக்ஸி மறுபடி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். கேசட்டை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

2001 கடைசியில் அவருக்குக் காதில் கோளாறு கண்டது. அவர் தகப்பனாருக்கும் இருந்த நரம்புத் தளர்ச்சி. குயில் கூவுவதும் தொலைபேசி மணியும் முதலில் போயின. கீச்சென்ற ஒலிகள் முதலில் போகும், கனத்த ஒலிகள் கடைசிவரை நிற்கும், சில ஆண்டுகளில் அதுவும் குறையும் என்றார் மருத்துவர். அதிக சத்தம் ஆகவே ஆகாது என்றும் எச்சரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் செய்தி வந்தது: பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸ், 2002 கோடையில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாடப்போகிறார்! நண்பர் என் அலுவலக மேசை முன் வந்து நின்றார். "அண்ணாச்சி, ஒரு காரியம் பறையட்டே? காது இருக்கும்போது ஒரு தடவை நேரில் கேட்கணும். தனியாய்ப் போக வீட்டில் விடமாட்டார்கள்."

என்ன சொல்வது? சரி என்றேன். புறப்படும் நாளில் அவர் மனைவி, காதில் வைக்கும் ரப்பர் அடைப்பான் இரண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார். "அண்ணாச்சி பார்த்துக்கொள்ளணும்." அவ்வளவுதான் சொன்னார்.

ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினோம். ஒரு காலத்தில் கொச்சி வில்லிங்டன் தீவுவரை ஓடியதால் அந்தப் பெயர். பாலக்காடு தாண்டியதும் விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் நண்பர் எனக்குப் பாடம் நடத்தினார்.

1965-இல் லண்டனில் அந்தக் குழு உருவானது. வாட்டர்ஸ், நிக் மேசன், ரிக் ரைட் மூவரும் ரீஜண்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படித்த மாணவர்கள். "அட, நம்ம பாலிடெக்னிக் பசங்களா!" என்று நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் குழுவின் உயிர் சிட் பாரெட் என்ற இளைஞர். 1967-இல் வந்த முதல் இசைத்தட்டில் பெரும்பாலான பாட்டுகள் அவருடையவை. பிறகு போதையும் மனநோயும் அவரைப் பிடித்துக்கொண்டன. மேடையில் வாசிக்காமல் வெறித்துப் பார்த்து நிற்பாராம். 1968-இல் அவரை விட்டுவிட்டுக் குழு முன்னே போனது, பெரும்புகழும் பெற்றது. 1975-இல், அந்தப் பழைய நண்பரை நினைத்து எழுதிய பாட்டை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். யாரென்று முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்தான் பாரெட். தெரிந்ததும் நண்பர்கள் அழுதுவிட்டார்களாம்.

"அந்தப் பாட்டுதான் எனக்கு வேணும் அண்ணாச்சி" என்றார் நண்பர். பெயர் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்'.

மைதானத்தில் எங்கள் வயதுக்காரர்களும் இருந்தார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிடிவாதமாக நண்பரைப் பின்வரிசைக்கு இழுத்துப் போனேன். அடைப்பானை நானே அவர் காதில் வைத்தேன். நான்கு பக்கமும் ஒலிபெருக்கி. 'டைம்' என்ற பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் கணகணவென்று அடித்தபோது என் தலை சுற்றியது. நண்பர் என்னைப் பார்த்து, "மணி அடிச்சதா?" என்று சைகையால் கேட்டார். அவருக்கு அது எட்டவில்லை. அவர் மணிக்கட்டில் என் விரலால் தட்டிக் காட்டினேன். சிரித்துக்கொண்டார்.

ஆனால் வாட்டர்ஸ் வாசிக்கும் பேஸ் கித்தார் இருக்கிறதே, அதன் கனத்த தந்தி நொடிக்கு 41 தடவைதான் அதிரும். அது காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. நண்பர் முன்னாலிருந்த இரும்புத் தடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தில் கைவைத்துப் பார்க்கும் எங்கள் கேங்மேன்கள் நினைவுக்கு வந்தார்கள். நானும் கையை வைத்தேன். அப்போதுதான் அந்த இசை எனக்கு முதன்முதலாகப் புரிந்தது.

அந்தப் பாட்டு தொடங்கியது. மெல்லிய ஆர்கன், பிறகு கித்தாரில் நான்கே சுரம். மைதானமே ஆர்ப்பரித்தது. நண்பர் இரண்டு அடைப்பானையும் எடுத்து என் முன் நீட்டினார். வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்! அவர் மனைவிக்கு நான் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இனி ஒருமுறை வாய்க்காத கால் மணி நேரம் இன்னொரு பக்கம். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாட்டு முடியும்வரை அவர் கண்ணீரைத் துடைக்கவில்லை. முடிந்ததும் தாமாகவே கையை நீட்டி அடைப்பானைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிற்பாடு ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டேன். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2, 94-க்கு 1, 97-க்கு அரை மணி, 100-க்கு 15 நிமிடம். அந்தப் பாட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான்! காதில் இயர்போன் மாட்டிக்கொண்டே தூங்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை அவசியம் சொல்லிக்கொடுங்கள்.

2006 ஜூலையில் பாரெட் இறந்த செய்தி வந்தபோது நண்பர் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தார். அப்போதே நான் சற்று உரக்கப் பேச வேண்டியிருந்தது. நான் ஓய்வுபெற்ற 2018-இல் கருவி இல்லாமல் அவருக்கு ஒன்றும் கேட்காது. அந்தக் கால் மணி நேரம்தான் காரணமோ என்று மருத்துவரிடமே கேட்டேன். "இது பரம்பரைக் கோளாறு, எப்படியும் இந்த வழியில்தான் போயிருக்கும்" என்றார். நண்பரின் மனைவியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது எனக்கு அன்றே தெரியும். இவர் வந்த முகத்தைப் பார்த்தேனே!" என்றார். இருந்தாலும் என் மனம் முழுதாக ஆறவில்லை என்பதை மறைப்பானேன்?

இப்போதும் ஞாயிறு மாலை தைக்காட்டுக்குப் போகிறேன். அவர் பேரன் பழைய தேக்கு மேசைமேல் ஸ்பீக்கரை வைத்து அந்தப் பாட்டைப் போடுவான். நண்பர் கருவியைக் கழற்றிவிட்டு மேசையில் உள்ளங்கையை வைப்பார். பக்கத்தில் நானும் வைப்பேன்.

அன்பர்களே, பிறந்த ஊரைவிட்டு வந்த நமக்கு நண்பர்கள்தான் உறவு. 'ஒருமுறை கூட வா' என்று அவர்கள் கூப்பிட்டால், நமக்குப் பிடிக்காத கச்சேரியானாலும் போய்விடுங்கள். அடுத்த கோடைவரை எதுவும் காத்திருப்பதில்லை.