பூட்டில்லாத வீட்டு இணையம்

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா, மாதம் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, நெட்டின் அளவு முடிந்துவிட்டதென்று செய்தி வருகிறது. உங்கள் மச்சான் துபாயிலிருந்து பேசினால் முகம் அசையாமல் நின்றுவிடுகிறது" என்றாள்.

நேரில் சென்று என் கைப்பேசியில் பார்த்தேன். அவள் வீட்டு வை-ஃபையின் பெயருக்குப் பக்கத்தில் பூட்டுக் குறியே இல்லை. தெருவில் போகிற எவரும் நுழையலாம்! மருமகனைக் கேட்டபோது தலைகுனிந்தவாறே விஷயத்தைச் சொன்னான். புதிய ரவுட்டர் பொருத்தப்பட்டதிலிருந்து அவனுடைய பழைய விளையாட்டுக் கருவி மட்டும் இணைய மறுத்திருக்கிறது. பொருத்தியவரிடம் கேட்டதற்கு, "கடவுச்சொல்லை எடுத்துவிடு தம்பி, வேலை செய்யும்" என்றாராம். எடுத்தான், வேலை செய்தது. மூன்று வாரங்களாக வீடு திறந்தே கிடந்தது.

விளையாட்டு வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு விவாதம். அதைத் தங்கை பார்த்துக்கொள்வாள். ஆனால் அந்த இணைப்பு அவள் கணவர் பெயரில் உள்ளது. முகம் தெரியாத ஒருவன் அதன் வழியே தீய காரியம் செய்தால், விசாரணை முதலில் வந்து நிற்கும் இடம் இவர்கள் வாசல்தான். பையனுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் கடவுச்சொல்லையே சந்தேகித்தேன். காலண்டர் அட்டையில் தங்கை எழுதியிருந்ததில் பூஜ்யம் எது, ஆங்கில 'ஓ' எது என்று அவளுக்கே தெரியவில்லை. புதிதாக ஒன்றை வைத்தோம். கைப்பேசிகள் உடனே இணைந்தன. விளையாட்டுக் கருவி மட்டும் மறுத்தது. ஆகவே கோளாறு சொல்லில் இல்லை, பூட்டின் வகையில் இருக்க வேண்டும்.

வை-ஃபை பூட்டுகளுக்கும் தலைமுறைகள் உண்டு. 1997-இல் வந்த 'வெப்' என்னும் முறையின் பலவீனம் 2001-இலேயே வெளிப்பட்டுவிட்டது. அதன்பின் 2003-இல் டபிள்யூ.பி.ஏ., 2004-இல் அதன் இரண்டாம் வடிவம், 2018-இல் மூன்றாம் வடிவம் என வந்தன. பழைய கருவி தான் பிறந்த காலத்துப் பூட்டை மட்டுமே அறியும். 2004-இல் வெளிவந்த நின்டெண்டோ டி.எஸ். 'வெப்' பூட்டை மட்டுமே அறிந்திருந்தது. அதற்காக ரவுட்டரையே அந்தப் பலவீனமான பூட்டுக்கு இறக்கிய வீடுகள் அயல்நாடுகளில் உண்டு. அதன் இணைய விளையாட்டுச் சேவை 2014 மே மாதம் நிறுத்தப்பட்டது.

இங்கும் அதே கதைதான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த முகவரியைக் கைப்பேசியில் தட்டி, அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். பாதுகாப்பு என்ற இடத்தில் மூன்றாம் வடிவம் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. இரண்டும் மூன்றும் கலந்த வகை என்றொரு தேர்வு அதன் கீழேயே இருக்கிறது, அதை வைத்தோம். கடவுச்சொல் ஒன்றே, புதிய கைப்பேசி மூன்றாம் பூட்டால் நுழையும், பழைய கருவி இரண்டாம் பூட்டால் நுழையும். அப்போதும் இணையவில்லை! பூட்டில்லாத பழைய இணைப்பையே கருவி நினைவில் வைத்திருந்ததுதான் காரணம். அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தேடச் சொன்னதும் சேர்ந்துகொண்டது.

வை-ஃபையின் பெயரே கருவியின் திரையில் தோன்றாவிட்டால் காரணம் வேறு. 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 போன்றவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரவுட்டரில் 5 மட்டும் இயங்கினால் அவற்றின் கண்ணுக்கு எதுவும் தெரியாது, 2.4-ஐயும் இயக்கிவிட்டால் போதும்.

புறப்படுமுன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னேன். திறந்து கிடந்த நாட்களில் யாரேனும் அங்கே கைவைத்திருக்கக்கூடும் அல்லவா? இம்முறை மருமகனே தெளிவான கையெழுத்தில் எழுதி உம்மாவிடம் கொடுத்தான்.

மறுநாள் காலை எதிர்வீட்டுப் பையன்கள் இருவர் வந்து, "மாமி, நேற்று இரவிலிருந்து உங்கள் நெட் வரவில்லையே, ஏதும் பழுதா?" என்று கேட்டார்களாம்.