வாதம் வந்த கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கைதான் சோறு போடுகிறது. பருத்தி எடுப்பதும், சின்ன வெங்காயம் பிடுங்குவதும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி பொறுக்குவதும் கைவேலை. அங்கே ஒருவருக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டால், வீட்டார் முதலில் கவலைப்படுவது காலைப் பற்றித்தான். "எந்திரிச்சு நடந்துட்டா போதும்" என்கிறார்கள். பலருக்கு நடை மெல்லத் திரும்பிவிடுகிறது. அதற்குள் தோளில் வலி தொடங்கியிருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாதம் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த எண்ணம் தவறு. கவனமாக இருந்தால் இந்த வலியைப் பெருமளவு தவிர்க்கலாம், வந்தாலும் குறைக்கலாம்.

இடுப்பு மூட்டு ஆழமான குழிக்குள் பொருந்தியிருக்கிறது. தோள்மூட்டின் குழியோ ஆழமில்லாதது. எலும்பை அதன் இடத்தில் பிடித்து வைப்பவை பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகளே. 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கை மட்டும் ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். வாதம் வந்த புதிதில் தசைகள் துவண்டிருப்பதால், தாங்கல் இல்லாமல் தொங்கும் கை தன் எடையாலேயே மூட்டைக் கீழே இறக்கிவிடும். சில வாரங்கள் கழிந்ததும் பலருக்கு நிலைமை தலைகீழாகிறது. தசைகள் இறுகி, கை மார்போடு ஒட்டிக்கொள்கிறது. அசையாத மூட்டு உறைந்துபோகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இப்படி உறையும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

இந்த நிலையில்தான் அன்போடு நீளும் கைகள் கேடு செய்துவிடுகின்றன. கட்டிலில் இருந்து அப்பாவை எழுப்பும் மகன் விழுந்துபோன கையையே பிடித்து இழுக்கிறான். குளிப்பாட்டும்போது அம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். உத்தரத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து வாதக் கையை உயர்த்தச் சொல்கிறார்கள். தலைக்கு மேல் தூக்கும் இந்தக் கப்பிப் பயிற்சி வேண்டாம் என்று அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்கள் 2016-இல் வெளியிட்ட மறுவாழ்வு வழிகாட்டி சொல்கிறது.

வலி வந்த தோள் ஒரு நாளை எப்படியெல்லாம் முடக்குகிறது என்பது அருகில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். சட்டை மாட்ட முடியாது, ரவிக்கை போட முடியாது, தலை பின்ன முடியாது. இரவில் புரண்டு படுத்தால் தூக்கம் போய்விடும். வலிக்குப் பயந்து பயிற்சியை விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. கை தேறுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வேகமாக நடக்கும். அந்த மாதங்களை வலி தின்றுவிடுகிறது.

செய்ய வேண்டியவை எளியவை. உட்காரும்போது கையைத் தலையணைமேல் வையுங்கள். சட்டை போடும்போது வாதக் கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். எழுப்பும்போது முதுகையும் இடுப்பையும் தாங்குங்கள். கை வீங்கி, சூடாகி, தொட்டாலே வலித்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை, மின்தூண்டல், மூட்டுக்குள் போடும் ஊசி, இறுகிய தசையைத் தளர்த்தும் ஊசி என ஆளுக்கேற்ற சிகிச்சைகள் உண்டு.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. வேப்பூர், ஆலத்தூர், திருமானூர், செந்துறை போன்ற ஒன்றியங்களில் பேருந்து பிடித்து நகரத்துக்குப் போக முடியாத நோயாளிக்கு இது பெரும் உதவி.

ஒரு வேண்டுகோள் மருத்துவமனைகளுக்கும் உண்டு. வாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாத்திரைச் சீட்டோடு நிறுத்தாதீர்கள். அவரைக் கவனித்துக்கொள்ளப் போகிறவரைக் கூப்பிட்டு, எப்படித் தூக்குவது, கையை எப்படி வைப்பது என்று பத்து நிமிடம் செய்து காட்டுங்கள். அப்படிக் காட்டாமல் அனுப்பினால், வீட்டாரே, நீங்களே கேளுங்கள்.