ஆங்கிலத் தொகைச் சொற்களும் நம் நாட்டுப் பொருள்களும்

இரு சொல் தொக்கு ஒரு பொருளை உணர்த்துங்கால், அவ்விரண்டின் பொருளையும் அறிந்த அளவானே தொகையின் பொருள் விளங்கிவிடாது. பொற்குடம் என்பது பொன்னாலாகிய குடம். தயிர்க்குடம் என்பது தயிரையுடைய குடம். இடையே மறைந்து நிற்கும் உருபும் பயனுமே வேறுபாட்டைச் செய்கின்றன. அம்மறைவை விரித்தறிதற்கு வழியாக, வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி எனத் தொகையை ஆறாக வகுத்தார் நன்னூலார். இம்முறை ஆங்கிலச் சொற்களுக்கும் பெரிதும் பயன்படுமாற்றைச் சேலம், நாமக்கல் பகுதிகளின் பொருள்களைக் கொண்டே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஃபயர்வுட் என்பது தீக்கு ஆகும் மரம், அஃதாவது விறகு. ஃபயர் பிரிக் என்பதோ தீயைத் தாங்கும் செங்கல். முன்னது தீயில் அழிவது. பின்னது தீயில் அழியாதது. முன்மொழி ஒன்றாயினும் பொருள் மறுதலையாயிற்று. முன்னதை நான்காம் வேற்றுமையாகவும் பின்னதை இரண்டாம் வேற்றுமையாகவும் விரிப்பார்க்கு மயக்கமில்லை.

தீயைத் தாங்கும் கற்களுள் ஒருவகை, சேலத்திற்கு அணித்தான சாக் ஹில்ஸ் குன்றுகளிற் கிடைக்கும் மாக்னசைட்டினால் ஆவது. சாக் என்பது சுண்ணக்கல். ஆனால் அக்குன்றுகளில் வெளுத்துத் தோன்றுவது மக்னீசியக் கார்பனேட்டு. ஆதலின், சுண்ணம்போல வெளுத்த குன்று என உவமையாக விரித்தலே பொருந்தும். பெயரை நம்பிக் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு பெற எண்ணுவோர் ஏமாறுவர்.

இனி, சேலத்திற்குத் தென்மேற்கே நிற்கும் கஞ்சமலையிற் கிடைப்பது மாக்னடைட். இரும்பைத் தரும் காந்தக்கல். மாக்னசைட், மாக்னடைட் என்பன ஓரெழுத்தளவே வேறுபடுவன. இரண்டும் கிரேக்க நாட்டு மக்னீசியா என்னும் இடப்பெயரின் வழிவந்தன என்பர். சொற்கள் உறவினவேனும் பொருள்கள் உறவினவல்ல: ஒன்று இரும்பாகும், மற்றொன்று இரும்புலையின் உட்சுவராகும்.

கஞ்சமலைக் கனியத்தைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் இரும்புத்தொழில் நடத்தத் தொடங்கினார் ஹீத் என்னும் ஆங்கிலேயர். காலம் 1830-ஆம் ஆண்டையொட்டியது. அத்தொழிலில் வழங்கும் மூன்று தொடர்களை நோக்குவோம். உருகிய இரும்பை மணலில் வகுத்த ஒரு பெருங்காலிலும் அதனின்று பிரியும் சிறுகுழிகளிலும் பாய்ச்சினர். அத்தோற்றம் தாய்ப்பன்றியிடம் பாலுண்ணும் குட்டிகளை ஒத்தமையின், அவ்விரும்பு பிக் அயர்ன் எனப்பட்டது. காஸ்ட் அயர்ன் என்பது வார்த்த இரும்பு. ராட் அயர்ன் என்பதில் முன்மொழி, வேலைசெய்தலைக் குறிக்கும் வினையின் பழைய எச்சவடிவம்; எனவே அடித்துப் பண்படுத்திய இரும்பு என்க. வார்ப்பிரும்பில் கரி நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை உண்டு, அடித்தால் உடையும். பண்படுத்தியதிற் கரி மிகச் சிறிது; அடித்தால் நீளும். மூன்றையும் இரும்பு என்றே எழுதிவிடும் மொழிபெயர்ப்பாளன், படிப்பவன் கையிற் சம்மட்டியையும் கொடுத்து வார்ப்பிரும்பையும் உடைக்கச் செய்தவனாவான்.

பிளாக்ஸ்மித் என்பான் கரிய மேனியன் என்று கொள்ளற்க. கரிய உலோகத்தில் தொழில் செய்வோன் என்பதே பொருள். இரும்பைக் கரும்பொன் என்றும், அதனிற் பணிசெய்வோனைக் கருங்கொல்லன் என்றும் வழங்கிய தமிழர்க்கு இது புதிதன்று.

சேலம் உருக்காலை 1981-ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கியது. அங்கு ஆவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். லெஸ் என்பது தனித்து நிற்கின் குறைவு எனவும், ஈற்றில் ஒட்டி நிற்கின் இன்மை எனவும் பொருள்படும். ஆகவே இது கறை குறைந்த எஃகன்று, கறையற்ற எஃகு. நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் சேர்தலின் அவ்வியல்பு பெற்றது. நம் வீட்டார் இதனை எவர்சில்வர் என்பர். அதில் வெள்ளி சிறிதும் இல்லை; எந்நாளும் வெள்ளிபோல் ஒளிரும் பிறிதொன்றைக் குறித்தலின் அன்மொழித்தொகையாம்.

இடம் நோக்கியும் பொருள் மாறும். பாடி பில்டிங் என்றால் பிறவூரார் உடற்பயிற்சியை நினைப்பர். நாமக்கல்லில் அது லாரிக்குக் கூடு கட்டுந் தொழில்.

நிற்க. சேலத்தில் வழக்கறிஞராயிருந்த இராஜகோபாலாச்சாரியார் முதலியோர், அறிவியற் சொற்களைத் தமிழிற் காண்பதற்கென்றே 1916-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் நிறுவினர். அப்பணி முடிந்ததன்று. கலைகளை ஆங்கிலத்திற் பயின்று தமிழிற் கூறவேண்டிய கடமை மாணவராகிய நமக்கும் உண்டு. போர்வெல் என்பதைத் துளைக்கிணறு என்றளவில் நிறுத்தாது, ஆழ்துளைக் கிணறு என ஆழத்தையும் புலப்படுத்திய ஆக்கம் நமக்கு நல்ல வழிகாட்டி. அகராதியைத் திறக்குமுன் தொகையை விரித்து, பொருளை நேரிற் கண்டு, அத்தொழில் செய்வாரையும் கேட்டறிந்து எழுதுவோமாயின், நாம் ஆக்குஞ் சொல் உலைக்களத்திலும் வழங்கும்.