பாகுநிலையும் கியர் ஆயிலும்

சூடு ஏற ஏறத் திரவத்தின் பாகுநிலை குறையும் என்று இயற்பியல் வகுப்பில் படித்தோம். பள்ளிக்கூடம் போகாத என் தந்தையார், எங்கள் சரக்கு வேனின் கியர் ஆயிலை ஓடி வந்த சூட்டோடுதான் இறக்குவார். ஆறிவிட்டால் ஆயில் தடித்து, இரும்புத்தூளுடன் அடியிலேயே தங்கிவிடும்.

கியர் பெட்டியின் பக்கவாட்டில் ஊற்றும் போல்ட். அடியில் வடிக்கும் போல்ட். பக்கத்துப் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் நான் அவசரப்பட்டு அடிப்போல்ட்டைத் திறந்துவிட்டேன். ஆயில் முழுதும் வடிந்தது. மேலேயுள்ளதோ துருவேறி அசையவில்லை. வேன் இரண்டு நாள் நின்றது. வாழைத்தார் வாடகை வேறு வண்டிக்குப் போயிற்று. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

வடிபோல்ட்டின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம். சில்லு ஒட்டியிருந்தால் பற்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையில் வழியும் மட்டும் புது ஆயில் ஊற்றுக.